சிஸ்டர் சாமிநாதனோடு பத்து நிமிஷம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சபைக்குக் கிளம்புவதற்காக டையை முடிந்துகொண்டிருக்கும்போது நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன்.

என் மகளோடு பத்து நிமிஷம் பேசுவேன். தனியாக.

இதில் மாபெரும் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் வீணா இல்லை. அதனால் கேட்கிறீர்கள்.

வீணா என் மனைவி. ரக்ஷா எங்கள் ஒரே மகள், வயது இருபது. மிஷனரியாக மங்கோலியா போயிருக்கிறாள். நாங்கள் மார்மன்கள். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும்போது அதைச் சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். பிரேசர் டவுனில் இருந்துகொண்டு காபியும் டீயும் தொடாமல் ராகி மால்ட் குடிக்கும் தமிழ்க் குடும்பம் என்றால், தெருவில் யாரைக் கேட்டாலும் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள்.

எங்கள் சபையில் இளசுகள் மிஷன் போவது வழக்கம். பையன்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த ஊர் என்று நாம் கேட்க முடியாது. சபைத் தலைமையே சொல்லும். மஸ்கட்டிலிருந்து நான் லீவில் வந்திருந்தபோது ரக்ஷாவுக்குச் செய்தி வந்தது. அன்று எங்கள் ஹாலில் கிரிக்கெட் ஃபைனல் மாதிரி கூட்டம். ஆளாளுக்கு ஓர் ஊரைப் பந்தயம் வைத்தார்கள். நான் ஹைதராபாத் என்றேன். கீழ் வீட்டு பிரிஜெட் ஆன்ட்டி கோவா என்றார். ரக்ஷா திரையைப் பார்த்து "மங்கோலியா!" என்று கத்தினாள். எல்லோரும் கைதட்டினோம். கைதட்டி முடித்த பிறகு வீணா மெதுவாகக் கேட்டாள்: "அது எந்தப் பக்கம்?"

பனிப் பக்கம். நான் மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து, பிறகு சூப்பர்வைசராகி, ஊருக்கெல்லாம் குளிர் சப்ளை செய்தவன். பதினெட்டு டிகிரிக்கு இறக்கிக்கொடுத்தால் அரபி ஷேக்கே கைகொடுப்பார். என் மகளுக்கு ஆண்டவன் மைனஸ் இருபத்தெட்டு கொடுத்தார். ரிமோட் கையில் தரவில்லை.

இன்னொரு விஷயம். மிஷனரிகளை முதல் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பின்பெயர்தான். நமக்கெல்லாம் ஏது பின்பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர். ஆகவே என் மகளின் நெஞ்சில் குத்தியிருக்கும் கறுப்பு பேட்ஜில் இருப்பது: சிஸ்டர் சாமிநாதன். அவளோடு எப்போதும் ஒரு ஜோடி மிஷனரி இருக்க வேண்டும், கண்ணுக்கு மறையக் கூடாது. அந்த ஜோடி அந்த ஊர்ப் பெண். அங்கேயும் நம்மைப் போல அப்பா பெயரைத்தான் ஒட்டிக்கொள்கிறார்களாம். அவள் சிஸ்டர் பாத்பாயர். ஆக, சாமிநாதனும் பாத்பாயரும் பனியில் கைகோத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். நிஜ சாமிநாதன் பிரேசர் டவுனில் போர்வைக்குள் இருக்கிறான். நிஜ பாத்பாயரும் அங்கே எங்கேயோ அடுப்புப் பக்கத்தில்தான் இருப்பார் என்று நம்புகிறேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

மிஷனரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டோடு பேச. ரக்ஷாவுக்கு அது திங்கள். காலை ஒன்பதரைக்கு வீடியோவில் வருவாள். நாற்பது நிமிஷம். அதற்குப் பிறகு பாத்பாயர் தன் அம்மாவைக் கூப்பிட வேண்டும். எனக்கு பீன்யாவில் ஒரு குளிர்சாதன யூனிட்டில் வேலை. திங்கட்கிழமைகளில் மத்தியான ஷிப்டாக மாற்றி வாங்கியிருக்கிறேன். இந்த நாற்பது நிமிஷத்துக்காக மேனேஜரிடம் நான் விட்ட கண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்திருக்கலாம்.

ஆனால் போன் யார் கையில்? வீணா கையில்.

அவள் போனைப் பிடிப்பது தீர்த்தச் சொம்பைப் பிடிப்பது போல, இரண்டு கையாலும், நெஞ்சுக்கு நேரே. நான் பக்கத்தில் உட்காருவேன். ரக்ஷா இந்த எட்டு மாதத்தில் தன் தகப்பனிடம் பார்த்ததெல்லாம் இடது காது.

"நாக்கைக் காட்டு."

"அம்மா!"

"காட்டுடி. ம். வெள்ளையா இருக்கு. தண்ணி குடிக்கிறதில்ல. நகத்தைக் காட்டு. சரி. என்ன சாப்பிட்ட?"

"கொழுக்கட்டை மாதிரி ஒண்ணும்மா. உள்ள ஆட்டுக்கறி."

"எத்தனை?"

"ஆறு."

"பாத்பாயர் எத்தனை?"

"பத்து."

"அப்ப நீ ஏன் ஆறு? பாத்பாயர்கிட்ட குடு."

பாத்பாயர் திரைக்கு வருவாள். கன்னம் இரண்டும் ஆப்பிள். "சாப்பிட்டேன் ஆன்ட்டி!" என்பாள், சுத்தமான தமிழில். வீணா கற்றுக்கொடுத்த தமிழ். மங்கோலியப் பெண்ணுக்கே ஐந்து நிமிஷம் கிடைக்கிறது. எனக்கு? முப்பத்தொன்பதாவது நிமிஷத்தில் போன் என் பக்கம் திரும்பும். "அப்பாவுக்கு பை சொல்லு."

"பை அப்பா!"

"பை—" நான் 'ம்மா' சேர்ப்பதற்குள் திரை கறுத்துவிடும்.

நானும் முதலில் நியாயமாகத்தான் போனேன்.

"வீணா, நாப்பது நிமிஷத்துல பத்து எனக்கு. முப்பது உனக்கு. சரியா?"

"பர்வாகில்ல. எடுத்துக்கோங்க" என்றாள். வீணா தொம்மலூரில் பிறந்து வளர்ந்தவள். மனசு தாராளமாக இருக்கும்போது கன்னடம் வந்துவிடும். நான் அகமகிழ்ந்தேன். அடுத்த திங்கள் போன் என் கைக்கு வந்தது. வீணா எழுந்து போகவில்லை. அதைப் பற்றி ஒப்பந்தத்தில் நான் எழுதியிருக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கே?" என்றேன்.

"நல்லா இருக்கா" என்றாள் வீணா.

"நான் அவளைக் கேட்டேன்."

"அவளும் அதைத்தான் சொல்லப்போறா. இருமல் போயிடுச்சு. கொஞ்சம் மூக்கடைப்பு."

"ரக்ஷா, குளிரு எப்படிம்மா—"

"மைனஸ் இருபத்தெட்டு. ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கா. ரக்ஷா, அப்பாவுக்குக் காலைக் காட்டு."

திரையில் ஒரு கால் வந்தது. சிவப்புக் கம்பளி சாக்ஸ். நான் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. என் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் அந்த சாக்ஸோடு போயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மஸ்கட் போனபோது ரக்ஷாவுக்கு எட்டு வயது. வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவு. மற்ற நாளெல்லாம் போன்தான். அவள் பல் விழுந்ததும் போனில். பத்தாவது பாஸானதும் போனில். ஒரு நாள் 'போதும், இனி ஊர்' என்று மூட்டை கட்டி வந்து இறங்கினேன். அன்றையிலிருந்து இருபத்து மூன்றாவது நாள் அவள் மிஷனுக்கு விமானம் ஏறினாள். நான் வந்தேன், அவள் போனாள். விமான நிலையத்தில் கையாட்டும்போதுதான் புரிந்தது, பன்னிரண்டு வருஷமாக அவள் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். போன் வரும் என்று காத்திருக்கும் இடத்தில். அந்த இடத்தில் நிற்பவனுக்கு ஓர் இடது காது போதாது.

ஆகவேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை, டை முடிச்சு, மாபெரும் முடிவு.

முடிவு எடுத்தாயிற்று. வழி? சபை முடிந்து வந்து மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிஜெட் ஆன்ட்டி தன் வற்றல் தட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தெட்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். இந்தக் கன்டோன்மென்ட்டில் யார் யாரோடு பேசினார்கள் என்று யாராவது சரித்திரம் எழுதினால் இவரைத்தான் கேட்க வேண்டும்.

"என்ன மேன் சாமிநாதன், மூஞ்சி கட் ஆன லைன் மாதிரி இருக்கு?"

சொன்னேன். சாக்ஸ் உட்பட.

ஆன்ட்டி வற்றலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "லைன் பிஸியா இருந்தா என்ன மேன் பண்ணணும்?"

"காத்திருக்கணும் ஆன்ட்டி."

"காத்திருக்கிறவன் கஸ்டமர். வேற லைன் போடுறவன் ஆபரேட்டர். உன்கிட்ட போன் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அது உன் பேர்லதானே இருக்கு? பொண்ணுக்கு எழுது. ஒரு மணி நேரம் முன்னாடி உன் நம்பருக்கு அடிக்கச் சொல்லு. நீ வீட்டை விட்டு வெளியே போய் எடு. பார்க் எதுக்கு இருக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பத்தெட்டு வயதில், எம்.ஏ. பொருளாதாரத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்துவிட்டு, இது எனக்குத் தோன்றவில்லையே!

"ஆன்ட்டி, வீணாகிட்ட சொல்லிடாதீங்க."

"முப்பது வருஷம் மேன்! ஊர் ரகசியம் பூரா இந்தக் காதுக்குள்ள. ஒண்ணு வெளிய வந்திருக்கா?"

வந்ததில்லை. அதாவது, என் காதுக்கு வந்ததில்லை.

அன்று மத்தியானமே ரக்ஷாவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு மிஷனரியைச் சதிக்கு அழைக்கிறோமே என்று கடிதத்தை வேத வசனத்தோடு ஆரம்பித்தேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன்: திங்கள் எட்டரை, என் நம்பர், அம்மா வேண்டாம்.

மறுநாள் திங்களன்றே பதில் வந்தது. "அப்பா, எனக்கும் உங்ககிட்ட தனியா பேசணும்னு ஆசை. அடுத்த வாரம் எட்டரைக்கு அடிக்கிறேன். ஆனா ஒண்ணு, நானா அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். அம்மா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். நான் மிஷனரி."

அம்மா ஏன் கேட்கப்போகிறாள்? குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் வராமல் ஒரு குதி குதித்தேன். பக்கெட் கவிழ்ந்தது.

"என்னங்க சத்தம்?"

"பக்கெட்!"

"நீங்க விழலையே?"

"இல்ல!"

"சரி. பக்கெட் உடைஞ்சிருக்கா பாருங்க."

ஆறு நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு சாயங்காலம் பேச்சை எடுத்தேன். அதற்கு முன்னால் கண்ணாடி முன் மூன்று தடவை ஒத்திகை.

"வீணா, நாளைக்குக் காலையில வாக்கிங் போகலாம்னு இருக்கேன்."

"போங்க."

"கோல்ஸ் பார்க்குக்கு."

"போங்க."

"எட்டு மணி வாக்கில."

"ஏழே முக்காலுக்கே கிளம்புங்க. அப்புறம் வெயில் ஏறிடும்."

"தனியாத்தான் போறேன்."

"என்னை யாரு இப்ப கூப்பிட்டா?"

"ரக்ஷா போன் வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

"சும்னே அவசரப்படாதீங்க. நிதானமா நடந்துட்டு வாங்க. போன்ல சார்ஜ் போட்டு வைக்கட்டுமா?"

எனக்கு அவள் மேல் பரிதாபமே வந்தது. பாவம், வெள்ளை மனசு. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் புருஷனின் மூளை எவ்வளவு ஆழம் என்று தெரியாமலே இருக்கிறாளே என்று தலையணையில் சாய்ந்து வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்தில் நன்றாகத் தூங்கினேன்.

திங்கள். ஏழே முக்கால். கான்வாஸ் ஷூ. தலைக்குத் தொப்பி வீணாவே மாட்டிவிட்டாள். "பர்ஸ் இருக்கா? கர்ச்சீப்? போன்?" வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மஸ்கட்டுக்குப் போனபோதுகூட இத்தனை அக்கறை இல்லை.

பார்க்குக்குள் போனேன். ரகசியம் பேச அமைதியான இடம் வேண்டும். முதல் பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் தங்கள் சர்க்கரை அளவைச் சொல்லி ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது. எழுந்திருக்கும் எண்ணம் அதற்கு இல்லை. மூன்றாவது பெஞ்ச் காலி. ஓடிப்போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எதிரே புல்வெளியில் பதினைந்து பேர் வட்டமாக நின்று கையை உயர்த்தி, "ஹோ ஹோ ஹா ஹா ஹா!" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்புச் சங்கம். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று திடுக்கிட்டேன். எழுந்து பார்க்கை நாலு சுற்று சுற்றினேன். கடைசியில் தோட்டக்காரர் மண்வெட்டி வைக்கும் அறைக்குப் பின்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒரு சிமென்ட் திண்டு.

எட்டரை. போன் வரவில்லை.

எட்டு முப்பத்தொன்று. நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணத்தன்றுகூட இப்படி அடிக்கவில்லை.

எட்டு முப்பத்து மூன்று. மணி அடித்தது!

"அப்பா!"

முழு முகம். என் முழு முகத்துக்கு நேராக அவள் முழு முகம். தலையில் காதை மூடும் பஞ்சுத் தொப்பி. மூக்கு நுனி சிவப்பு. பின்னால் பாத்பாயர் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையாட்டினாள்.

எட்டு மாதமாக எத்தனை சேர்த்து வைத்திருந்தேன்! உன் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். நான் இல்லாதபோது யார் உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது என்று கேட்க வேண்டும். என் மேல் கோபமா என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு. "நீங்களுமா!"

"நாக்கைக் காட்டச் சொல்லமாட்டேன்."

"தேங்க்ஸ்பா."

அப்புறம் அடைப்பு எடுத்த குழாய் மாதிரி பேச்சு வந்தது. பனியில் வழுக்கி விழுந்ததைச் சொன்னாள். ஒரு வயதான அம்மா ஓடிவந்து தூக்கி, தன் கூடார வீட்டுக்குள் அழைத்துப்போய் அடுப்பருகே உட்காரவைத்து, பேட்ஜைத் தடவிப் பார்த்து, "சா-மி-நா-தன்" என்று எழுத்தெழுத்தாகப் படித்தாராம். "அது எங்கப்பா பேருன்னு சொன்னேன். 'நல்ல அப்பாவா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"போன்லயே வளர்த்தார், ஆனா ஒரு நாள்கூட போன் பண்ண மறக்கலைன்னு சொன்னேன்."

தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தூரத்தில் ஹோ ஹோ ஹா ஹா.

"அப்பா, அழறீங்களா?"

"தூசி."

"அப்பா, எனக்காக ஒண்ணு செய்வீங்களா?"

"கேளும்மா! உயிரையே தர்றேன்!"

"உயிர் வேணாம். பல்லு."

"பல்லா?"

"வலது பக்கக் கடவாய்ப் பல்லு. ஒரு வருஷமா இடது பக்கமாவே மெல்றீங்களாம். டென்டிஸ்ட்கிட்ட போங்கப்பா."

நான் உலகத்தில் அஞ்சுவது இரண்டுக்குத்தான். ஒன்று பல் டாக்டரின் அந்தச் சின்ன டிரில். இன்னொன்றை இப்போது சொல்ல வேண்டாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது?

"போறேன்மா. சத்தியமா."

"ரெண்டாவது, பிஷப் உங்களைச் சின்னப் பசங்க கிளாஸ் எடுக்கச் சொன்னாராமே? ஆறு மாசமா அவரைப் பார்த்தா செருப்பைத் தேடுறீங்களாம்."

இதுதான் அந்த இன்னொன்று. எங்கள் சபையில் சம்பளப் போதகர் கிடையாது. எல்லா வேலையையும் நாமே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். போன தடவை எடுத்தவர் இப்போது கோலாரில் இருக்கிறார்.

"எடுக்கறேன்மா" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் நான்தான்.

"மூணாவது..."

"சொல்லு செல்லம்!"

"அம்மாவுக்கு கார் ஓட்டக் கத்துக்குடுங்கப்பா."

இங்கேதான் மூச்சு நின்றது. அந்தக் கார் என் பன்னிரண்டு வருஷ மஸ்கட். வெள்ளி நிறம். ஞாயிறு தவறாமல் நானே துடைப்பேன். வீணா கதவைச் சாத்தினாலே அந்தச் சத்தம் என் எலும்பில் கேட்கும். அவள் கையில் ஸ்டியரிங்கா? பிரேசர் டவுன் சந்துகளிலா?

"அது... ரக்ஷா... இந்த ஊர் டிராஃபிக்குல..."

"நீங்க இல்லாத பன்னெண்டு வருஷமும் என்னை ஸ்கூட்டர்ல இந்த டிராஃபிக்லதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மழையில. எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்ததும் அவங்கதான்."

கேட்காமலே பதில் வந்துவிட்டது. பாத்பாயர் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அந்த ஒரு 'சாப்பிட்டேன்' தவிர அவளுக்குத் தமிழ் புரியாது. ஆனால் எல்லாம் புரிந்த மாதிரி பார்த்தாள்.

"சரிம்மா" என்றேன். "கத்துக்குடுக்கறேன்."

"ப்ராமிஸ்?"

"சாமிநாதன் மேல ப்ராமிஸ்."

மூவருமாகத் தலை குனிந்து ஒரு சின்ன ஜெபம் சொன்னோம். அவள் கையாட்டினாள். இந்தத் தடவை "பைம்மா" முழுசாகச் சொன்னேன். மணி பார்த்தேன். இருபது நிமிஷம்! கேட்டது பத்து, கிடைத்தது இருபது! எழுந்து நேராகப் போய் அந்தச் சிரிப்பு வட்டத்தில் நுழைந்து கையை உயர்த்தி, "ஹோ ஹோ ஹா ஹா ஹா!" என்று ஒரு சுற்று சிரித்துவிட்டு வந்தேன். யாரும் உறுப்பினரா என்று கேட்கவில்லை.

வீடு வரை நடந்தேனா, மிதந்தேனா தெரியாது. கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பல்லுக்கு அடுத்த மாதம் போகலாம். பிஷப்பிடம் ஈஸ்டர் கழித்துச் சொல்லலாம். காருக்கு அவசரமே இல்லை, முதலில் எல்.எல்.ஆர். வாங்க வேண்டும், அதற்கு அலையவே பத்து மாதம் ஆகும். அதற்குள் ரக்ஷாவே வந்துவிடுவாள். வாக்கும் கொடுத்தாயிற்று, காரும் பத்திரம். என்ன மூளை!

தெரு முனை திரும்பினேன்.

என் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. தெருவைப் பார்த்து, புறப்படத் தயாராக. முன்கண்ணாடியில் சிவப்பாக ஓர் எழுத்து. எல். பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கேயும் எல். டிரைவர் சீட்டில் வீணா. நான் அவ்வளவு அளந்து வைத்திருந்த சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்துவிட்டிருந்தாள். பின் சீட்டில் பிரிஜெட் ஆன்ட்டி, கையில் ஜெபமாலை.

"வந்துட்டீங்களா? ஏறுங்க" என்றாள் வீணா. "பத்தேகாலுக்கு டென்டிஸ்ட்."

"டென்..."

"போன புதன்கிழமையே அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்."

"எல்.எல்.ஆர்.?" குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் ஒரு காகிதத்தை ஜன்னல் வழியே நீட்டினாள். வீணா சாமிநாதன். போட்டோவில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நாலு நாள் ஆச்சு. பிஷப்புக்கும் போன் பண்ணிட்டேன். வர்ற ஞாயிறிலிருந்து கிளாஸ். சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரல."

நான் பின் சீட்டைப் பார்த்தேன். "ஆன்ட்டி! முப்பது வருஷம்! ஒண்ணுகூட வெளிய வரலைன்னீங்களே!"

"வெளியாளுக்கு எங்க மேன் சொன்னேன்? வீணாகிட்டதான் சொன்னேன். நீ மாடியில இருந்து இறங்குறதுக்குள்ள."

"அப்ப... ரக்ஷா..."

"அவளை நான் கேட்டேன். அவ சொன்னா. மிஷனரி பொய் சொல்லலாமா?" என்றாள் வீணா. "அப்பா ஆசைப்படுறாரே, பேசட்டும்னு என் நாப்பதுல பாதியைக் குடுத்தேன். நீங்க பார்க்கைச் சுத்திட்டு இருந்தீங்களே, அப்பவே நான் பேசி முடிச்சிட்டேன். என்னென்ன கேக்கணும்னு சொல்லிக்குடுக்கறதுல மூணு நிமிஷம் அதிகமாயிடுச்சு. உங்களுக்கு லேட்டாதானே வந்துச்சு?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இருபது நிமிஷம் என் மகளோடு பேசினேன். ஒவ்வொரு சொல்லும் அவள் மனசிலிருந்து வந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கூடார வீட்டு அம்மா நிஜம். அந்தச் சிரிப்பு நிஜம். மூன்று கோரிக்கைகள் மட்டும் பிரேசர் டவுனிலிருந்து மங்கோலியா போய் பிரேசர் டவுனுக்குத் திரும்பி வந்தவை.

"அவ ரொம்ப சந்தோஷமா இருந்தாளா?" என்று வீணா கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரொம்ப."

"நீங்க?"

"ம்."

"அப்ப சரி. ஏறுங்க. கிளட்ச் எந்தக் கால்?"

நான் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினேன். பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பின்னாலிருந்து பிரிஜெட் ஆன்ட்டி என் தோளைத் தட்டினார். "நான் ஜெபமாலை சொல்றேன். நீ உங்க சபை ஜெபத்தைச் சொல்லு மேன். எந்த லைன் கிடைச்சாலும் சரி."

கார் ஒரு குதி குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது. எதிரே வந்த பால் வண்டி தானாக ஓரம் கட்டியது. மூன்றாவது குதியில் நாங்கள் நகர்ந்தோம். ஆச்சரியம், நேராகவே நகர்ந்தோம். வீணாவின் முகத்தைப் பார்த்தேன். மங்கோலியா என்று ரக்ஷா கத்தியபோது மகள் முகத்தில் இருந்த அதே வெளிச்சம். எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது. கையை எடுத்தால் கைப்பிடியை விட வேண்டும், அதனால் தட்டவில்லை.

"என்னங்க," என்றாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "அடுத்த திங்கட்கிழமையும் மறக்காம பார்க்குக்குப் போயிடுங்க. சமையலறைக்கு பெயின்ட் அடிக்கிறது பத்தி ரக்ஷா இன்னும் உங்ககிட்ட பேசல."